மேல்பாத்தி, கீழ்ப்பாத்தி: நாணல் படுகையில் நைட்ரஜன் இறங்காவிட்டால் எங்கே பார்ப்பது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், எட்டு லய வீடுகளுக்கும் கோயில் அன்னதானக் கூடத்துக்கும் சேர்த்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நாணல் படுகை ஒன்று இருக்கிறது. ஒன்பது வருடமாக அதைப் பார்த்துக்கொள்கிறேன். அக்கம்பக்கத்துப் படுகைகளுக்கும் கூப்பிட்டால் போவேன். எங்கே போனாலும் பெரும்பாலும் ஒரே புகார்தான்: கடையில், அதாவது தண்ணீர் வெளியேறும் முனையில், வரும் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, நாற்றமும் இல்லை, ஆனால் அளந்து பார்த்தால் அமோனியாவோ நைட்ரேட்டோ இறங்கவே இல்லை. உடனே கல்லைத் தோண்டலாமா என்று கேட்பார்கள். இத்தனை வருடத்தில் கல்லைத் தோண்ட வேண்டி வந்தது ஒரே ஒரு முறை. மற்றதெல்லாம் செப்டிக் தொட்டியில், பம்ப் அறையில், அல்லது யாரோ வடிகாலில் ஊற்றியதில் போய் முடிந்தது.

எங்கள் அமைப்பு இப்படி. கழிவுநீர் முதலில் செப்டிக் தொட்டிக்குப் போகும், அங்கிருந்து பம்ப் அறைக்கு. பம்ப் நாளுக்கு ஐந்தாறு தடவை மேல்பாத்தியில் தண்ணீரைக் கொட்டும். மேல்பாத்தி மேலே மணல், அடியில் சரளை. தண்ணீர் வடிய வடிய பின்னாலேயே காற்றும் உள்ளே இறங்கும். அமோனியா நைட்ரேட்டாக மாறுவது இங்கேதான். அடுத்தது கீழ்ப்பாத்தி. அதில் சரளைக்குள்ளே தண்ணீர் எப்போதும் நின்று, பக்கவாட்டில் மெதுவாக நகரும். காற்றில்லாத இடம் என்பதால் நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகிப் போய்விடும். கீழ்ப்பாத்தி மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் கீழே வரும் முதல் அறிகுறிதான் பெரிய தொல்லையாக இருக்கும்.

## எதையும் தொடுவதற்கு முன்: மூன்று இடம், நான்கு எண்

மீன் தொட்டிக் கடையில் விற்கும் சொட்டு மருந்து கிட் போதும். அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், கே.எச். (தண்ணீரின் காரத்தன்மை) என்று நான்கு வாங்குங்கள். பம்ப் அறை, மேல்பாத்திக் கடை, கீழ்ப்பாத்திக் கடை என்று மூன்று இடத்தில் தண்ணீர் எடுங்கள்.

செப்டிக் தொட்டித் தண்ணீரில் அமோனியா பொதுவாக லிட்டருக்கு 40, 50 மில்லிகிராம் இருக்கும். மீன் தொட்டி கிட் அவ்வளவு தூரம் காட்டாது. ஒரு பங்கு தண்ணீரில் ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். குழாய்த் தண்ணீர் கலக்காதீர்கள், அதிலிருக்கும் மருந்து எண்ணைக் கெடுத்துவிடும்.

நைட்ரேட் கிட்டில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அது நைட்ரேட்டை முழு எடையாகக் காட்டும். சட்டமும் ஆய்வுக்கூடமும் நைட்ரஜன் எடையாகச் சொல்லும். கிட் எண்ணை 4.43 ஆல் வகுத்தால்தான் இரண்டும் ஒன்றாகும். கிட்டில் 40 என்றால் உண்மையில் 9. ஒரு அண்ணன் 40 பார்த்துப் பதறிப்போய் நாணலை எல்லாம் பிடுங்கப் போனார், கையைப் பிடித்து நிறுத்தினேன். இன்னொன்று, நைட்ரேட் கிட்டின் இரண்டாவது குப்பியை அரை நிமிடமாவது நன்றாகக் குலுக்க வேண்டும். அடியில் படிந்த மருந்து கலங்காவிட்டால் எண் பொய்யாகக் குறைந்து வரும்.

எவ்வளவு இருந்தால் சரி? மலேசியாவின் 2009 ஆம் ஆண்டுக் கழிவுநீர் விதிமுறைகளில், ஆற்றில் விடும் தண்ணீருக்கு அமோனியா நைட்ரஜன் அளவு, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்பகுதியில் 10 மில்லிகிராம், மற்ற இடத்தில் 20. குளம், ஏரி போன்ற தேங்கிய நீர் என்றால் இரண்டுக்கும் 5. ஆற்றில் நைட்ரேட் நைட்ரஜன் 20, 50. 150 ஆள் அளவுக்குக் குறைந்த குடியிருப்புகள் அந்த விதிக்குள் வராது. எங்கள் படுகையும் வராது. ஆனாலும் நான் 10 என்றே வைத்திருக்கிறேன். எங்கள் கால்வாய் விழும் ஓடையில் பிள்ளைகள் மீன் பிடிக்கிறார்கள், அந்த ஓடை பேராக் ஆற்றுக்குத்தான் போகிறது.

## அறிகுறி: மேல்பாத்திக் கடையில் அமோனியா அதிகம், நைட்ரேட் இல்லவே இல்லை

காற்று போதவில்லை, அல்லது அமோனியாவைத் தின்னும் நுண்ணுயிர் படுத்துவிட்டது. முதலில் பம்ப் ஓடி முடிந்ததும் மேல்பாத்தி ஓரத்தில் நின்று மணலைப் பாருங்கள்.

### தண்ணீர் மேலேயே நிற்கிறது

முதலில் பம்ப். மிதவை சுவிட்ச் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கோயில் தீமிதித் திருவிழா முடிந்து மூன்றாம் நாள் இங்கே ஒரு தடவை நடந்தது. பம்ப் அறை மூடியைத் திறந்தால் மிதவை தொங்கவே இல்லை. சுவரோடு ஒட்டி, வெள்ளை மெழுகு மாதிரிக் கொழுப்புக்குள் புதைந்து நின்றது. விரலால் சுரண்டினால் தேங்காய்ப்பாலும் எண்ணெயும் உறைந்த கட்டி. மிதவை கீழே இறங்காததால் பம்ப் நிற்காமல் ஓடி, உள்ளே வந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டிருந்தது. மணலுக்கு மூச்சு விட இடைவெளியே கிடைக்கவில்லை. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் வைத்து மிதவையைத் துடைத்தேன், பத்து நாளில் மேல்பாத்தி பழைய நிலைக்கு வந்தது. அன்னதானக் கூடத்து அக்காவிடம் போய்ச் சொன்னபோது, “எண்ணெயை வேற எங்க தம்பி ஊத்துறது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. மறுநாளே கூடத்துக்குப் பின்னால் மூடி போட்ட டின் ஒன்று வைத்தோம். கழுவும் தொட்டிக்குக் கீழே கொழுப்புப் பொறியும் போட்டோம். இப்போது அந்த டின்னை அக்காவே பார்த்துக்கொள்கிறார்.

பம்ப் சரியாக இருந்தால் செப்டிக் தொட்டி. நீளமான கம்பில் வெள்ளைத் துணி சுற்றி, அடி தொடும் வரை இறக்கி எடுங்கள். துணியில் கறுப்பாக ஏறியிருக்கும் உயரம்தான் அடிச் சேறு. மேலே மிதக்கும் ஆடையின் தடிமனையும் சேர்த்து, தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டால் உறிஞ்சும் லோரியைக் கூப்பிட வேண்டும். இங்கே பொதுவாகச் சொல்வது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. நிறையத் தோட்டங்களில் நான்கு, ஐந்து வருடம் விட்டுவிடுகிறார்கள். சேறு நிறைந்த தொட்டியிலிருந்து வரும் அழுக்கு மேல்பாத்தியில் உள்ள காற்றை முதலில் தின்றுவிடும். அமோனியாவுக்கு மிச்சம் எதுவும் இருக்காது. லோரிக்காரர் உரிமம் உள்ளவராக இருக்கட்டும். ஆற்றோரம் கொட்டிவிட்டுப் போகிறவரிடம் கொடுத்தால் நாம் செய்த வேலைக்கே அர்த்தமில்லை.

தொட்டியும் சரி என்றால்தான் மணலைப் பார்க்க வேண்டும். மேல் மணலைக் கையளவு தோண்டுங்கள். கறுப்பாக, வழவழப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருந்தால் அடைப்புதான். பாத்தி இரண்டு பகுதியாக இருந்தால் ஒன்றை மூடி, ஒன்று அல்லது இரண்டு வாரம் காயவிடுங்கள். நுண்ணுயிர் தின்னத் தீனி இல்லாமல் அந்த வழவழப்பு தானாகவே வற்றிவிடும். ஏப்ரல், மே மாதத்திலும் அக்டோபர், நவம்பரிலும் இங்கே சாயங்கால மழை நிற்காது. அந்த நாட்களில் காய்வது கஷ்டம், மேலே தார்ப்பாய் கட்டுங்கள். காய்ந்த பிறகும் தண்ணீர் நின்றால் மேல் ஐந்து சென்டிமீட்டர் மணலை வாரி எடுத்து, கழுவின கரடு மணல் போடுங்கள். கட்டட வேலைக்கு வரும் நைஸ் மணல் வேண்டாம், மூன்று மாதத்தில் மறுபடி அடைத்துவிடும். புது மணலிலும் ஓரிரு மாதத்தில் தண்ணீர் நின்றால் அடைப்பு ஆழத்தில் இருக்கிறது. அங்கே நிறுத்திவிட்டு, படுகை அமைத்துப் பழக்கமுள்ள பொறியாளரைக் கூப்பிடுங்கள். நான் சொன்ன ஒரே ஒரு தோண்டல் இதுதான்.

### தண்ணீர் உடனே வடிந்துவிடுகிறது, ஆனாலும் அமோனியா இறங்கவில்லை

எல்லா மூலைக்கும் தண்ணீர் போகிறதா என்று பாருங்கள். குழாய்த் துளை பாதி அடைபட்டால் ஒரு பக்கமே எல்லாத் தண்ணீரையும் குடிக்கும். குழாய் முனை மூடியைக் கழற்றிவிட்டு பம்ப்பை ஒரு தடவை ஓட்டினால் அடைப்பு வெளியே வந்துவிடும். பெரும்பாலும் தலைமுடியும் தேயிலைத் தூளும்தான். காற்றுக் குழாய் வாயில் குளவிக் கூடு இருக்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள்.

அடுத்தது கே.எச். இதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் அமோனியா பாதியில் நிற்பதற்கு இதுதான் காரணமாக இருக்கிறது. ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் மாற 7.14 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். 30 மில்லிகிராம் இறக்க வேண்டுமென்றால் 214 வேண்டும். கே.எச். கிட்டில் ஒரு புள்ளி 17.9 மில்லிகிராம், ஆக 12 புள்ளி. மலையோடைத் தண்ணீரையும் மழைத் தண்ணீரையும் புழங்கும் வீடுகளில் அவ்வளவு இருக்காது. மேல்பாத்திக் கடையில் கே.எச். 3க்குக் கீழே, பி.எச். 6.5க்குக் கீழே என்றால் இதுதான் கோளாறு. சந்தேகம் தீர ஆப்பசோடா போட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு 84 கிராம் போட்டால் 50 மில்லிகிராம் ஏறும். இரண்டு வாரம் தினமும் பம்ப் அறையில் கரைத்து ஊற்றி, அமோனியா இறங்கினால் காரணம் உறுதி. அப்புறம் மலிவான வழிக்கு மாறலாம். செம்பனைக்குப் போடும் சுண்ணாம்புத் தூளைச் சாக்கில் கட்டி பம்ப் அறையில் தொங்கவிடலாம், அல்லது சுண்ணாம்புக்கல் சில்லைக் கூடையில் போட்டு வைக்கலாம். கிந்தா பள்ளத்தாக்கு முழுக்கச் சுண்ணாம்புக்கல் மலைதானே, சில்லுக்குப் பஞ்சமில்லை. தூளை மணல் மேல் தூவாதீர்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு மாதிரி நீற்றின சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், பி.எச். எகிறி நுண்ணுயிர் செத்துவிடும்.

கே.எச். நன்றாக இருந்தும் நடக்கவில்லை என்றால், வடிகாலில் என்ன போயிருக்கிறது என்று வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். அதட்டிக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் லயத்தில் ஒரு முறை, பால் வெட்டப் போகும் அண்ணன் ஒருவர் வீட்டுப் பின்னால் பால் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ரப்பர்ப் பால் கெட்டியாகாமல் இருக்க அமோனியா கலப்பார்கள், உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் ஊற்றுவார்கள். இரண்டுமே வடிகால் வழியாகப் படுகைக்கு வந்துகொண்டிருந்தன. ஒன்று அமோனியாவை ஏற்றியது, இன்னொன்று காரத்தன்மையைத் தின்றது. கூடவே உறைந்த பால் துணுக்குகள் மணலில் ரப்பராகவே ஒட்டிக்கொண்டன. “அண்ணே, வாளியை மட்டும் கொட்டகைப் பக்கம் கழுவிடுங்க” என்றேன், மறுவார்த்தை பேசாமல் மாற்றிக்கொண்டார். பண்டிகைக்கு முன் கழிவறையில் குளோரின் பாட்டில் பாட்டிலாக ஊற்றுவதும் இதே விளைவுதான். இந்த நுண்ணுயிர் மெதுவாக வளரும். விஷம் நின்ற பிறகும் மூன்று, நான்கு வாரம் பொறுங்கள். நான்காவது நாள் அளந்துவிட்டு மனம் உடையக் கூடாது.

இதையெல்லாம் பார்த்தும் நகரவில்லையா? ஆட்களை எண்ணுங்கள். வெப்ப நாட்டில் மேல்பாத்திக்கு ஆளுக்கு ஒன்று முதல் இரண்டு சதுர மீட்டர் கணக்கு. லயத்தில் வாடகைக்கு ஆள் கூடி, பாத்தி அப்படியே இருந்தால் எந்த வைத்தியமும் உதவாது. பாத்தியைப் பெரிதாக்க வேண்டும். அது பொறியாளர் வேலை.

## அறிகுறி: நைட்ரைட் கிட் ஊதாவாகிறது

மாற்றம் பாதியில் நிற்கிறது. புதுப் பாத்தியில் முதல் சில வாரம் இது இயல்பு, விட்டுவிடுங்கள். பழைய பாத்தி என்றால் மேலே சொன்ன கே.எச்., குளோரின், பம்ப் இடைவெளி மூன்றையும் அதே வரிசையில் பாருங்கள்.

## அறிகுறி: அமோனியா இறங்கிவிட்டது, நைட்ரேட் அப்படியே வெளியே போகிறது

மேல்பாத்தி நன்றாக வேலை செய்கிறது. கோளாறு கீழ்ப்பாத்தியில்.

கடைக் குழாயில் உள்ள எல்போவை (வளைந்த குழாய்த் துண்டை) பாருங்கள். அதைத் திருப்பித்தான் தண்ணீர் மட்டத்தை வைக்கிறோம். யாராவது காலால் தட்டி அது சாய்ந்திருந்தால் மட்டம் இறங்கி, சரளைக்குள் காற்று புகுந்துவிடும். காற்று புகுந்தால் நைட்ரேட் போகாது. சரளை மேல்தளத்துக்கு ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் கீழே தண்ணீர் நிற்கும்படி திருப்பி, கம்பியால் கட்டிவிடுங்கள். செலவே இல்லை.

மட்டம் சரி என்றால் தண்ணீர் குறுக்கு வழியில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் கீழ்ப்பாத்தி 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், தண்ணீர் ஆழம் 0.6 மீட்டர். கல் இடைவெளி சுமார் 40 விழுக்காடு. ஆக பதினொன்றரை கன மீட்டர் தண்ணீர் பிடிக்கும். நாளுக்கு 4 கன மீட்டர் வந்தால் மூன்று நாள் தங்க வேண்டும். இரண்டு கிலோ உப்பை 200 லிட்டர் பீப்பாயில் கரைத்து உள்வாயில் ஊற்றிவிட்டு, கடையில் டி.டி.எஸ். பேனாவை (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவியை) வைத்துச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள். எண் உச்சத்துக்கு ஏறுவது மூன்று நாள் ஒட்டி இருந்தால் நல்லது. அன்று சாயங்காலமே ஏறிவிட்டால் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடுகிறது. உள்வாய்க் கல்லைக் கிளறிக் கழுவினாலே பாதி சரியாகும்.

இரண்டும் சரி என்றால் நுண்ணுயிருக்குத் தீனி இல்லை. ஒரு மில்லிகிராம் நைட்ரேட் நைட்ரஜனைப் போக்க நாலைந்து மில்லிகிராம் பி.ஓ.டி., அதாவது நுண்ணுயிர் தின்னக்கூடிய கழிவு, வேண்டும். மேல்பாத்தி அந்தத் தீனியை எல்லாம் முன்னாடியே தின்றுவிட்டது. மலிவான வழி, பம்ப் அறையிலிருந்து ஒரு சிறு வால்வு வைத்து, மொத்தத் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கை மேல்பாத்திக்குப் போகாமல் நேராகக் கீழ்ப்பாத்திக்கு விடுவது. அதோடு கொஞ்சம் அமோனியாவும் வரும். அதனால் வால்வைக் கொஞ்சம் திறந்து இரண்டு வாரம் விட்டு அளந்து, பிறகு இன்னும் கொஞ்சம் திறங்கள். நான் இதுவரை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் திறந்ததில்லை. அடுத்த வழி, மேல்பாத்திக் கடைத் தண்ணீரில் பாதியைத் திரும்பச் செப்டிக் தொட்டி வாய்க்கே பம்ப் செய்வது. நைட்ரேட் அங்கே புதுக் கழிவோடு சேர்ந்து போய்விடும், செலவான காரத்தன்மையிலும் பாதி திரும்பக் கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த வைத்தியம் இது. ஆனால் இன்னொரு பம்ப், மின்சாரம், தொட்டி கலங்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை என்று செலவு உண்டு. பம்ப் அளவைப் பொறியாளரிடம் கேட்டே வாங்குங்கள்.

## அறிகுறி: உள்ளே போவதைவிட வெளியே வருவது அதிகம்

பதற வேண்டாம். இன்று கடையில் வருவது மூன்று நாளுக்கு முன் உள்ளே போன தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நூறு பேர் சாப்பிட்டது புதன்கிழமைதான் கடையில் தெரியும். அதைக் கணக்கில் வைத்து மறுபடி எடுங்கள். அப்போதும் அதிகம் என்றால் இரண்டு காரணம்: தொட்டிச் சேறு கீழ்ப்பாத்தி வரை போய்ப் படிந்து அழுகுகிறது, அல்லது வெட்டின நாணலைப் பாத்தியிலேயே போட்டுவிட்டீர்கள். நாணல் குடித்த நைட்ரஜன் அழுகும்போது திரும்பத் தண்ணீருக்கே வரும். வெட்டினால் வெளியே எடுத்துச் செம்பனை வரிசைக்குள் போட்டுவிடுங்கள். வெட்டும்போது நீள பூட்ஸ் போடாமல் உள்ளே கால் வைக்காதீர்கள், நாகம் படுத்திருக்கும். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலும் உண்டு, காலில் புண் இருந்தால் அன்று இறங்க வேண்டாம்.

## அறிகுறி: மழைக்குப் பிறகு எண் அழகாக இருக்கிறது

மழைத் தண்ணீர் கலந்து மெலிந்திருக்கிறது, அவ்வளவுதான். மூன்று காய்ந்த நாள் கழித்து அளங்கள். ஒவ்வொரு மழைக்கும் பம்ப் நிற்காமல் ஓடினால் கூரைத் தண்ணீர் வடிகாலில் சேர்கிறது என்று பொருள். அதைப் பிரித்து விடுவது ஒரு நாள் வேலை.

## அறிகுறி: நாணல் மஞ்சளாகிறது

உள்வாய்ப் பக்கம் பச்சை, கடைப் பக்கம் வெளுப்பு என்றால் சந்தோஷப்படுங்கள், கடைசி வரை போக நைட்ரஜன் மிச்சமில்லை. நேர்மாறாக உள்வாயில் வெளுத்தால் வேர் மூச்சு முட்டுகிறது, முதல் அறிகுறிக்குப் போங்கள்.

## ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

செப்டிக் தொட்டிக்குள்ளும் பம்ப் அறைக்குள்ளும் யாரும் இறங்கக் கூடாது. ஏணி வைத்தும் கூடாது, ஒரு நிமிடத்துக்கும் கூடாது, கீழே விழுந்தவரைத் தூக்கவும் கூடாது. உள்ளே தேங்கியிருக்கும் நச்சு வாயு மூக்கை மரக்கச் செய்துவிட்டுத்தான் ஆளை அடிக்கும். உள்ளே என்ன கோளாறானாலும் உரிமம் உள்ளவர்தான் இறங்க வேண்டும். தொட்டிச் சுவரில் விரிசல், பாத்திக்கு அடியில் விரித்த தார்ப்பாய் கிழிந்து தண்ணீர் மட்டம் தானாக இறங்குவது, கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் ஏறுவது, இந்த மூன்றுக்கும் அன்றே கூப்பிடுங்கள். கைக்குழந்தைக்குப் பால் கலக்க அந்தக் கிணற்றுத் தண்ணீரை எடுக்க வேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்லிவிடுங்கள். காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது.

மற்றதற்கு, மேலே சொன்ன வரிசையில் ஆறு வாரம் பார்த்தும் அமோனியா 20க்குக் கீழே இறங்கவில்லை என்றால், அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் ஒரு முறை சோதித்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்போது ஒரு நோட்டைக் கையில் கொடுங்கள்: தேதி, மூன்று இடத்து நான்கு எண், மழை பெய்ததா, அன்று கோயிலில் சாப்பாடு இருந்ததா, லோரி கடைசியாக எப்போது வந்தது.